ஆண்டுக்கு 36 நூல்: மலையில் வேலை பார்க்கும் நூலகருக்கு வாசிப்புச் சவால் எப்படி? நான்கு ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். ஆண்டுக்கு இத்தனை நூல் என்று இலக்கு வைத்துப் படிப்பதுதான் வாசிப்புச் சவால். அதில் வாரம் ஒன்று, ஆண்டுக்கு 52 என்ற கணக்கு நூலகருக்கு ஒத்துவராது. 36 ஒத்துவரும். அதையும் மாதத்துக்கு மூன்று என்று சமமாகப் பிரித்தால் மே மாதத்திலேயே கணக்கு உடையும். மலையின் ஆண்டு அப்படிச் சமமாக ஓடுவதில்லை.

நாள் முழுக்கப் புத்தகத்தோடு இருப்பவருக்குத் தனியாக ஒரு சவால் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. சேர்க்கைப் பதிவேட்டில் எழுத, பகுப்பு எண் போட, தேதிச் சீட்டு ஒட்ட, அலமாரியில் நிறுத்த என்று ஒரு புத்தகம் நூலகர் கைக்கு நான்கு முறையாவது வருகிறது. திறந்து படிப்பது பெரும்பாலும் ஒரு முறைகூட இல்லை. முதுகை வைத்தே ஐயாயிரம் புத்தகத்தை அடையாளம் சொல்பவர்கள் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டால் தடுமாறுவார்கள். அந்த இடைவெளியை அடைக்கத்தான் இந்தச் சவால். ஆகவே பொது வாசகருக்கான விதிகளை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

இலக்கை முடிவு செய்யும் முன் வேகத்தை அளந்துகொள்ள வேண்டும். ஒரு நாவல், ஒரு கட்டுரை நூல், ஒரு அறிவியல் மொழிபெயர்ப்பு மூன்றையும் எடுத்து, ஒவ்வொன்றையும் 20 நிமிடம் படித்து, பக்கங்களை எண்ணி மூன்றால் பெருக்கினால் மணிக்கு எத்தனை பக்கம் என்பது கிடைக்கும். மூன்றும் ஒரே அளவுப் புத்தகமாக இருக்கட்டும். பெரிய டெமி அளவுப் புத்தகத்தில் ஒரு பக்கமும் சிறிய கிரௌன் அளவுப் புத்தகத்தில் ஒரு பக்கமும் ஒன்றல்ல. சராசரி மணிக்கு 30 பக்கம் என்று வைத்துக்கொள்வோம். 200 பக்க நூல் 36 என்றால் 7,200 பக்கம். உடம்புக்கு முடியாத நாள், விருந்தாளி வரும் நாள், கல்யாணம், காதுகுத்து என்று 65 நாளைக் கழித்தால் மீதி 300 நாளுக்கு தினம் 24 பக்கம், அதாவது 48 நிமிடம். அதுவே 52 நூல் என்றால் கிட்டத்தட்ட 35 பக்கம், 70 நிமிடம். 48 நிமிடத்தைக் காலையில் பாதி, இரவில் பாதி என்று பிரித்து ஒட்டவைக்கலாம். 70 நிமிடம் ஒட்டாது. இரண்டு மாதம் ஓடும், பிறகு மெலிந்த புத்தகமாகத் தேடி எடுக்கும் பழக்கம் வந்துவிடும். எண்ணிக்கை நிறைந்தாலும் படித்தது என்று சொல்ல ஒன்றும் மிஞ்சாது.

நான்கு ஆண்டில் நின்று நிலைத்த மாதப் பங்கீடு இது: ஜனவரி, பிப்ரவரி தலா 4, மார்ச், ஏப்ரல் தலா 2, மே 1, ஜூன் 3, ஜூலை, ஆகஸ்ட் தலா 4, செப்டம்பரிலிருந்து டிசம்பர் வரை தலா 3. கூட்டினால் 36.

மார்ச்சில் நிதியாண்டுக் கணக்கும் இருப்புச் சரிபார்ப்பும் சேர்ந்து வருகின்றன. ஏப்ரல், மே சீசன். சமவெளிச் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் ஊட்டியிலோ கொடைக்கானலிலோ ஒரு வீடு இருப்பது அப்போதுதான் ஞாபகம் வரும். பள்ளி விடுமுறையில் பிள்ளைகள் கூட்டமும் நூலகத்துக்கு வந்துவிடும். மே மாதத்துக்கு ஒன்று என்று எழுதி வைத்தால் அந்த ஒன்று நடக்கிறது. மூன்று என்று எழுதினால் ஒன்றும் நடப்பதில்லை. ஊட்டி, கூடலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழை ஜூனில் பிடித்துவிடுகிறது, வெளியே வேலை குறைவு. குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்களுக்கு அக்டோபர், நவம்பர் வடகிழக்கு மழைதான் பெரிது. அவர்கள் ஜூலையில் ஒன்றைக் குறைத்து அக்டோபரில் சேர்த்துக்கொள்ளலாம். நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம். அந்த வாரத்துக்கு இலக்கு எதுவும் வைக்க வேண்டாம்.

உறைபனிக் காலத்து இரவை நம்ப வேண்டாம் என்பதும் அனுபவத்தில் தெரிந்ததே. எட்டரைக்குக் கம்பளிக்குள் போனால் ஒன்பதுக்குத் தூக்கம், எட்டுப் பக்கம்கூடத் தேறாது. ஜனவரி, பிப்ரவரி இரண்டு மாதமும் சாயங்காலம் அடுப்படிப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்தால்தான் தலா நான்கு நூல் முடியும்.

என்ன படிப்பது என்பதில், நூல்களைப் பொருள்வாரியாக எண் போட்டு அடுக்கும் டியூயி தசமப் பகுப்பு முறையையே சவாலின் எலும்புக்கூடாக வைத்துக்கொள்வது நூலகருக்கு வசதி. 000 முதல் 900 வரை பத்து முதன்மை வகுப்புகளிலிருந்து ஆளுக்கொன்றாகப் பத்து. 894.811 தமிழ் இலக்கியத்திலிருந்து பன்னிரண்டு. பிள்ளைகள் நூல் நான்கு. இந்த மலையைப் பற்றியது இரண்டு. இஷ்டத்துக்கு இரண்டு. மீதி ஆறும் ‘முத்திரை விழாத’ புத்தகங்கள். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பத்து வகுப்பில் எல்லாரும் முட்டிக்கொள்வது 400. மொழி என்றதும் இலக்கண நூலை எடுத்து மூன்றாம் பக்கத்தில் மூடிவிடுவார்கள். அகராதி உருவான வரலாறு, வட்டார வழக்கு, எழுத்துச் சீர்திருத்தம் போன்றவையும் அந்த வரிசையில்தான் நிற்கின்றன, அவை ஓடும். 600 சலிப்பாகத் தெரியும். ஆனால் மலையில் மிக அதிகமாகப் பயன்படுவது அதுதான். 633.72 தேயிலை, 635 தோட்டப் பயிர்கள். கேரட்டு போடுகிறவரும் பீன்ஸ் போடுகிறவரும் வந்து கேட்பது இந்த அலமாரியை. 641.5 சமையல் நூல்களைக் கணக்கில் சேர்க்கலாமா என்றால், ஒரு முறையாவது அதைப் பார்த்துச் சமைத்திருந்தால் சேர்க்கலாம். போட்டித் தேர்வு வழிகாட்டிகளைச் சேர்க்கக் கூடாது. டிஎன்பிஎஸ்சி கையேடு புரட்டுவதை வாசிப்புக் கணக்கில் எழுதினால் மார்ச்சுக்குள் 36 முடிந்துவிடும்.

மலையைப் பற்றிய இரண்டு எதற்கு என்றால், வெளியூர்க்காரர்கள் நூலகத்தில் தவறாமல் கேட்கும் கேள்வி அது: “இந்த ஊரைப் பத்தி ஒரு கதைப் புத்தகம் இருக்கா?” நீலகிரிப் படகர் வாழ்வை வைத்து ராஜம் கிருஷ்ணன் எழுதிய ‘குறிஞ்சித்தேன்’ பெயரைச் சொல்லிவிடலாம். அடுத்து இன்னொன்று கேட்டால் சொல்ல வேண்டுமே.

முத்திரை விழாத புத்தகம் எடுக்கும் முறை: புத்தகத்தின் கடைசித் தாளில் ஒட்டிய தேதிச் சீட்டைப் பார்க்க வேண்டும். கடைசி இரவல் முத்திரை விழுந்து ஐந்து ஆண்டு ஆகியிருந்தால் தகுதி. சீட்டே வெள்ளையாக இருந்தால் இன்னும் நல்லது. கணினியில் இரவல் பதியும் நூலகமாக இருந்தால் சேர்க்கைப் பதிவேட்டில் அந்தப் பிரதிக்கு விழுந்த சேர்க்கை எண்ணை அடித்து இரவல் வரலாற்றைப் பார்க்கலாம். எடுத்ததும் படிக்கத் தொடங்கிவிடாமல், ஏன் யாரும் தொடவில்லை என்று முதலில் பார்க்க வேண்டும். பெரும்பாலும் காரணம் உள்ளடக்கமே அல்ல. முதுகில் தலைப்பு அழிந்திருக்கும். பைண்டிங் செய்தபோது அட்டை போய் வெறும் காக்கித் துணி மட்டும் நிற்கும். தவறான பகுப்பு எண்ணில் உட்கார்ந்திருக்கும். மேல் தட்டில் இருக்கும். ஆறில் குறைந்தது இரண்டு, இப்படி இடம் மாற்றிய பிறகோ முதுகில் பெயர் எழுதி ஒட்டிய பிறகோ ஓடத் தொடங்கும். மற்றவை உண்மையிலேயே படிக்க லாயக்கில்லாதவை. அதையும் படித்த பிறகுதான் உறுதியாகச் சொல்ல முடியும்.

எண்ணும் விதியை ஜனவரி முதல் தேதியே எழுதிவிட வேண்டும். ‘பொன்னியின் செல்வன்’ ஒன்றா ஐந்தா என்ற வழக்கு ஒவ்வொரு ஆண்டும் வரும். நூலகர் புத்திக்கு உடனே தோன்றும் விடை, சேர்க்கை எண் எத்தனையோ அத்தனை. ஐந்து பாகம், ஐந்து எண், ஐந்து நூல். ஆனால் ஐந்தையும் ஒரே கட்டாகக் கட்டிய பதிப்பு கிடைத்தால் அதே கதை ஒன்றாகிவிடுகிறது. ஆகவே பக்க விதிதான் நிற்கும்: 64 பக்கத்துக்குக் குறைந்தவை நான்கு சேர்ந்தால் ஒன்று. 600 தாண்டினால் ஒவ்வொரு 300 பக்கமும் ஒன்று. பாதியில் விட்டது கணக்கில் இல்லை. ஆனால் எந்தப் பக்கத்தில், ஏன் விட்டோம் என்பது பதிவேட்டில் இருக்க வேண்டும். 50 பக்கம் வரை பொறுத்துப் பார்க்கலாம், அதற்கு மேல் பிடிக்காததை இழுக்கத் தேவையில்லை.

இனி பதிவேடு. செயலியா, நோட்டா? செயலிகள் இலக்கை 365 நாளுக்குச் சமமாகப் பிரித்து ‘நீங்கள் இரண்டு நூல் பின்தங்கியிருக்கிறீர்கள்’ என்று மே மாதத்தில் காட்டும். மேலே சொன்ன பங்கீட்டின்படி பார்த்தால் அந்த நேரத்தில் பின்தங்கலே இல்லை. தமிழ்ப் பதிப்புகள் பல அவற்றில் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் ஒரே நூல் தமிழ் எழுத்தில் ஒன்றாகவும் ஆங்கில எழுத்தில் இரண்டாகவும் கிடக்கும், பக்க எண்ணிக்கை வேறு பதிப்பினுடையதாக இருக்கும். ஒவ்வொரு பதிப்புக்கும் தனியாகத் தரும் ஐஎஸ்பிஎன் எண்ணை வைத்துத் தேடுவது ஓரளவு உதவும். இந்தியப் பதிப்புகள் 978-81 அல்லது 978-93 என்று தொடங்கும். பழைய புத்தகங்களுக்கு அந்த எண்ணே கிடையாது. முடித்த தேதியைப் போட மறந்தால் அந்த நூல் ஆண்டுக் கணக்கில் ஏறாமல் போகலாம். தரவைக் கோப்பாக இறக்கினால், விரிதாளில் நேரடியாகத் திறக்கும்போது தமிழ் எழுத்துகள் கட்டம் கட்டமாக உடையும். விரிதாளின் இறக்குமதி வசதி வழியாகப் போய் யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தைத் தேர்ந்தெடுத்தால் சரியாக வரும்.

நான்காண்டு தாங்கியது கெட்டி அட்டை போட்ட நீள நோட்டுத்தான். பால்பாயிண்ட் பேனாவால் மட்டும் எழுத வேண்டும். ஜெல் பேனா மை ஈரம் பட்டால் பரவிவிடும், ஜூலையில் ஈரம் படாத தாள் மலையில் ஏது. பத்திகள்: வரிசை எண், தொடங்கிய நாள், முடித்த நாள், நூலும் ஆசிரியரும், பகுப்பு எண், பக்கம், எங்கிருந்து வந்தது, இரண்டு வரிக் குறிப்பு, கடைசியாக ‘யாருக்கு’.

இந்தக் கடைசிப் பத்தியில்தான் சவாலின் பயன் முழுவதும் இருக்கிறது. எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல். மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர். இரண்டையும் ஒரு பத்தியில் அடக்கிவிடலாம். ‘நன்றாக இருந்தது’ என்று எழுதினால் ஆறு மாதம் கழித்து அதற்கு எந்தப் பொருளும் இராது. இப்படி எழுதிப் பாருங்கள்: ‘எழுத்து பொடி, வயதானவர்களுக்கு வேண்டாம்.’ ‘முதல் 40 பக்கம் மெதுவாகப் போகும், அதைச் சொல்லிக் கொடு.’ ‘ஒன்பதாம் வகுப்புக்கு மேல்.’ ‘எஸ்டேட்டில் இரவு வேலை பார்ப்பவருக்கு, அத்தியாயம் சிறிது.’ ‘சாவு வருகிறது, புதிதாகத் துக்கம் நடந்த வீட்டுக்குக் கொடுக்காதே.’ நூலை முடித்த 24 மணி நேரத்துக்குள் எழுதிவிட வேண்டும். “மேடம், போன தடவை குடுத்த மாதிரியே இன்னொண்ணு இருக்கா?” என்று ஒருவர் மேசைக்கு முன் வந்து நிற்கும்போது அலமாரியைப் பார்த்து யோசிப்பதற்கும் நோட்டில் விரல் வைத்துச் சொல்வதற்கும் உள்ள வேறுபாடு முதல் ஆண்டிலேயே தெரிந்துவிடும். வாசகர் பெயரை மட்டும் அந்தப் பத்தியில் எழுத வேண்டாம். யார் என்ன படிக்கிறார் என்பது அவர் சொந்த விஷயம், நோட்டு மேசையிலேயே கிடக்கும்.

புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோகும்போது இரண்டு எச்சரிக்கை. சொந்த நூலகமே என்றாலும் தன் உறுப்பினர் எண்ணில் இரவல் பதியாமல் எடுக்கக் கூடாது. சரிபார்ப்பில் காணாமல் போனதாக ஏறும், பதில் சொல்ல வேண்டியவரும் நீங்களேதான். புது வரவை வாசகர்கள் கைபட்ட பிறகு எடுப்பது மரியாதை.

இரண்டாவது, பூஞ்சை. காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் நின்றால் காகிதத்தில் பூஞ்சைக்குச் சாதகம். மழைக் காலத்தில் வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியில் வைத்த புத்தகத்தின் கீழ் விளிம்பில் முதலில் சாம்பல் தூவியது போல் தெரியும், பிறகு அட்டைத் துணியில் பச்சை வட்டம் விழும். சுவருக்கும் அலமாரிக்கும் நான்கு விரல் இடைவெளி விட்டாலே பாதி குறையும். பூஞ்சை பிடித்ததை ஈரத் துணியால் துடைத்தால் காகிதத்துக்குள் இறங்கிவிடும். தனியாக எடுத்து, காற்றோட்டத்தில் உலரவிட்டு, முகக்கவசம் போட்டு, வீட்டுக்கு வெளியே வைத்து மெல்லிய உலர்ந்த தூரிகையால் தட்ட வேண்டும். நனைந்த புத்தகத்தை 48 மணி நேரத்துக்குள் உலர்த்தத் தொடங்காவிட்டால் பூஞ்சை வந்துவிடும். தாள்களுக்கு இடையே வெள்ளை உறிஞ்சுதாள் வைக்கலாம். செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும். வழவழப்பான ஆர்ட் தாள் புத்தகம் நனைந்தபடியே உலர்ந்தால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போகும், பிறகு பிரிக்க முடியாது.

பேருந்தில் படித்து நேரத்தை மிச்சப்படுத்தலாம் என்று திட்டம் போடுபவர்களுக்கு: மேட்டுப்பாளையம் சாலைக் கொண்டை ஊசி வளைவுகளில் நடக்காது. கண் அசையாத பக்கத்தைப் பார்க்கிறது, காதின் உட்பகுதி திருப்பத்தை உணர்கிறது, மூளை குழம்பி வாந்தி வருகிறது. ஒலிநூல் கேட்கலாம், அதையும் சிக்னல் இருக்கும்போதே இறக்கி வைத்துக்கொண்டு.

மின்னூலுக்கு, தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தர 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் போதும். நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களுக்கு வேறெங்கும் போகத் தேவையில்லை. ஸ்கேன் செய்த கோப்புகள் ஆறு அங்குலக் கருவியில் படிக்க முடியாத அளவுக்குச் சுருங்கும். பத்து அங்குலத் திரை வேண்டும், இல்லையென்றால் குறுக்கே திருப்பி அரைப் பக்கமாகப் படிக்கலாம். இரண்டு நாள் கரண்ட் போகும் மழைக்குக் காகிதப் புத்தகமும் எமர்ஜென்சி லைட்டுமே நம்பகம்.

டிசம்பர் 31 அன்று பாதியில் நிற்பவை சில இருக்கும். அவற்றில் மூன்றை மட்டும் அடுத்த நோட்டின் முதல் பக்கத்தில், நின்ற பக்க எண்ணோடு எழுதிக்கொள்ளலாம். நான்காவதிலிருந்து உள்ளவை இரவல் கணக்கில் திரும்பி வந்ததாகப் பதிந்து அலமாரிக்குப் போய்விடட்டும். வேறு யாராவது தேடிக்கொண்டிருக்கலாம்.