அரைகுறையாய் இப்போதே இறக்குவதா, முழுசாய் முடித்தா?

இலங்கை மலையகத்து ஹட்டனில் இரண்டு தம்பிமார், தோட்டத்தில் பறித்த தேயிலைக் கொழுந்தின் நிறை பதியும் செயலி ஒன்று செய்கிறார்கள். இப்பவே விடுவதா, தீபாவளி வரை பொறுப்பதா என்று குழம்பிப்போய் இருக்கிறார்கள்.

செலவு
இப்போது: தோட்டத்தில் ஒரு மலை, பத்து போன். போதும்.
பிறகு: வருமானமில்லாத மாதங்கள்.

பாடம்
இப்போது: அள்ள அள்ள வரும். நான் முன்பு செய்த செயலியின் திரை, மழையில் நனைந்த விரலுக்கு அசையவே இல்லை. அறைக்குள் இருந்து எப்படித் தெரியும்? 1999இல் ஸாப்போஸ் என்ற இணையச் சப்பாத்துக் கடையைத் தொடங்கியவர் கிடங்கே இல்லாமல் கடைச் சப்பாத்துகளைப் படமெடுத்து இணையத்தில் போட்டார். ஓடர் வந்தால் அதே கடையில் வாங்கி அனுப்பினார். ஆள் வாங்குவார்களா என்பது அப்படித்தான் தெரிந்தது.
பிறகு: எல்லாம் ஊகம்.

நம்பிக்கை
இப்போது: ஒரு கிலோ குறைத்துப் பதிந்தால் கொழுந்து பறித்த அக்காவுக்கு அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான், விழக்கூடும். மறுநாள் யாரும் செயலியைத் தொடமாட்டார்கள்.
பிறகு: இதில் மட்டும் பொறுப்பதே மேல்.

நிறம், படம், அறிக்கை எல்லாம் அரைகுறையாகவே போகட்டும். சம்பளக் கணக்கைத் தொடுவது என்றால் பொறுங்கள். அதுவரை நிறை எழுதும் காகிதத் துண்டும் கூடவே ஓடட்டும், தம்பி.