பிஎச்பியும் பைதானும் பேசிக்கொள்ள சீரியலைஸா, ஜேசனா?

எங்கள் புத்தக விற்பனைத் தளம் பிஎச்பி என்ற நிரல்மொழியில் ஓடுகிறது. இரவுதோறும் இருப்புக் கணக்கு எடுப்பது பைதான் என்ற இன்னொரு நிரல்மொழி. இரண்டுக்கும் நடுவே தரவு போய்வர முதலில், தரவைக் கோப்பில் எழுதக்கூடிய உரையாக மாற்றும் பிஎச்பியின் சொந்த முறையான சீரியலைஸை வைத்திருந்தேன். சென்ற ஆண்டு எல்லாவற்றையும், பல மொழிகளும் படிக்கும் பொதுவான உரை வடிவமான ஜேசனுக்கு மாற்றிவிட்டேன். இனி பழையதற்குத் திரும்ப மாட்டேன்.

வேகமும் கோப்பின் அளவும் எங்களைப் போன்ற சிறிய தளத்துக்குப் பொருட்டே அல்ல. பதிவில் பிழை விழுந்தால் கையால் திருத்த முடியுமா என்பதுதான் என் கேள்வி.

சீரியலைஸ் ஒவ்வொரு எழுத்துச் சரத்துக்கும் முன்னால் அதன் நீளத்தை எழுதி வைக்கும், அதுவும் பைட் கணக்கில். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8இல் தமிழ் எழுத்துக்கு 3 பைட். கொம்பும் புள்ளியும்கூடத் தனித்தனியே 3 பைட். புள்ளி விடுபட்டு ‘தமிழ’ என்று பதிவாகியிருந்த ஒரு தலைப்பைக் கோப்பிலேயே ‘தமிழ்’ என்று திருத்தினேன். முன்னால் 12 என்ற எண் அப்படியே நின்றது. உள்ளே இருந்ததோ 15 பைட். அந்த ஒரு புள்ளிக்காகப் பட்டியல் முழுவதையும் பிஎச்பி படிக்க மறுத்துவிட்டது. நம்பகமற்ற தரவை இம்முறையில் பிரிக்காதீர்கள் என்று பிஎச்பி கையேடே எச்சரிப்பது வேறு.

ஜேசனில் நீளக் கணக்கே கிடையாது. மேற்கோள் குறிகளுக்கு நடுவே புள்ளி வைத்தால் வேலை முடிந்தது. ஆனால் பிஎச்பியைச் சும்மா விட்டால் தமிழை எண்குறியீடுகளாக மாற்றி எழுதும். 5.4 பதிப்பில் வந்த ‘அன்எஸ்கேப்டு யூனிகோட்’ தெரிவை மறக்காமல் சேருங்கள். அப்போதுதான் கண்ணால் படித்துத் திருத்த முடியும்.

இன்னொரு இடத்தில் ஓர் இரவு முழுவதும் விழித்தேன். பட்டியலின் நடுவில் ஒரு நூலை நீக்கினால் வரிசை எண்ணில் இடைவெளி விழுகிறது. அப்போது பிஎச்பி அதைப் பட்டியலாக எழுதாமல், வரிசை எண்ணும் நூலுமான ஜோடிகளாக எழுதுகிறது. பட்டியலை, அதாவது லிஸ்ட்டை எதிர்பார்த்த பைதானுக்கு ஜோடிகளின் தொகுப்பான டிக்‌ஷனரி போய்ச் சேர்கிறது. அனுப்பும் முன் வரிசை எண்களைப் புதிதாக இட்டுவிட வேண்டும்.

தரவைக் குறிச்சொற்களுக்கு நடுவே எழுதும் இன்னொரு வடிவமான எக்ஸ்எம்எல்லை ஒரே ஒரு விலைப்பட்டியலுக்குத்தான் பயன்படுத்துகிறேன். அதனால் அழுத்திச் சொல்லத் தயக்கம் உண்டு. பல நிறுவனங்கள் சேர்ந்து புழங்கும் இடத்தில் ஸ்கீமா என்ற அமைப்பு விதிகளை வைத்துச் சரிபார்ப்பது அதன் பெரிய பலம். ஆனால் ஒரே ஒரு நூல் வந்த நாளில் அது பட்டியலா, தனி உருப்படியா என்று என் நிரலுக்குத் தெரியவில்லை. ஜேசனில் ஒரு நூல்தான் இருந்தாலும் சுற்றியிருக்கும் சதுர அடைப்புக்குறி அதைச் சொல்லிவிடுகிறது.