திருவல்லிக்கேணி பிரிண்ட் கடை: கண்காட்சி வேலைக்கு நாலு நட்சத்திரம்

எங்கள் இறுதியாண்டு ஓவிய, சிற்பக் கண்காட்சிக்கு அழைப்பிதழ், போஸ்டர், வழிகாட்டிப் பலகை, லேபிள் எல்லாமே இந்தக் கடையில்தான் அடித்தோம். திருவல்லிக்கேணியில் பிரிண்ட் கடைக்குப் பஞ்சமில்லை. மெஷினும் பேப்பரும் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். இங்கே வித்தியாசம், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் டிசைனர் அண்ணன். பென்டிரைவை வாங்கி அப்படியே பிரிண்ட் கொடுத்துவிட மாட்டார். கேள்வி கேட்பார்.

லேபிளையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு படைப்புக்கும் பக்கத்தில் ஒட்ட 6-க்கு 4 அங்குலம் என்று வைத்திருந்தோம். ஃபைலைத் திறந்ததும், "கால் அங்குலம் குறைச்சுக்கலாமாம்மா?" என்றார். 12-க்கு 18 ஷீட்டில் மெஷின் நாலு ஓரத்திலும் கொஞ்சம் இடம் விட்டுத்தான் அடிக்கும். அதனால் 6-க்கு 4 என்றால், எல்லாவற்றையும் ஒரே வாக்கில் அடுக்கும்போது ஒரு ஷீட்டில் நாலு லேபிள்தான் உட்காரும். 5¾-க்கு 3¾ என்றால் ஒன்பது. சுவரில் ஒட்டியபின் அந்தக் கால் அங்குலம் யார் கண்ணுக்கும் தெரியாது. 60 லேபிளுக்கு 15 ஷீட் ஆகியிருக்க வேண்டியது 7 ஷீட்டில் முடிந்தது. தன் வருமானத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் கடைக்காரரை நான் அதிகம் பார்த்ததில்லை.

போஸ்டரிலும் அப்படித்தான். திரையில் பளிச்சென்று இருந்த நீலம் அச்சில் ஊதாவாகத்தான் வரும் என்று சொல்லி, முதலில் ஒரே ஒரு ஏ4 ப்ரூஃப் எடுத்துக் காட்டினார். அப்படியேதான் வந்தது. மெஜன்டா என்ற இளஞ்சிவப்பு மையைக் கொஞ்சம் இறக்கியதும் சரியானது. ஏ3 போஸ்டருக்குப் பளபள லேமினேஷன் கேட்ட எங்கள் ஆளிடம், ஹாலில் ஸ்பாட் லைட் இருக்கிறதா என்று விசாரித்தார். இருக்கிறது என்றதும் மேட் போடச் சொன்னார். விளக்கு வெளிச்சம் கண்ணாடி மாதிரித் தெறித்தால் எழுத்தைப் படிக்க முடியாதே.

எனக்கு ரொம்பப் பிடித்தது அம்புக்குறி யோசனை. காட்சிக்கூடம் மாடியில். கேட், படிக்கட்டு, வராந்தா திருப்பம் என்று பல இடத்தில் பலகை வைக்க வேண்டும். எது எந்தச் சுவரில் வரும் என்று அன்றைக்குக் காலையில்தான் தெரியும். பலகையில் தலைப்பை மட்டும் அடித்துவிட்டு, அம்பை வினைல் ஸ்டிக்கராகத் தனியே வெட்டிக் கொடுத்தார். இடம் பார்த்து இடமோ வலமோ ஒட்டிக்கொண்டோம். வளாகத்துக்குள் கட்டும் பேனருக்கு ஃப்ளெக்ஸ் வேண்டாம், துணி போதும் என்று நாங்கள் முதலிலேயே முடிவு செய்திருந்தோம். துணியில் கறுப்பு கொஞ்சம் சாம்பலாக வந்தது. ஆனால் ஓவியக் கண்காட்சி வாசலில் அரசியல் கூட்டம் மாதிரி பளபளக்கும் பேனருக்கு அது எவ்வளவோ மேல்.

இனி குறைகள். தமிழ் எழுத்து இங்கே பெரிய தலைவலி. கடையில் இருப்பது கோரல்டிரா என்ற டிசைன் சாஃப்ட்வேரின் பழைய பதிப்பு. நாங்கள் யூனிகோடில் அடித்துக் கொண்டுபோன பெயர்களில் கொம்பெல்லாம் எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது. 'செல்வி'யை 'சல்வி'யாகப் படித்தாலும் தப்பில்லை. எழுத்தைக் கர்வ்ஸாக, அதாவது வெறும் கோட்டுப் படமாக, மாற்றிய பிடிஎஃப் கொண்டுவரச் சொன்னார்கள், அது நன்றாகவே வந்தது. ஆனால் கர்வ்ஸாக்கிய பிறகு அங்கே ஒரு எழுத்தைக்கூடத் திருத்த முடியாது. கடைசி நிமிடத்தில் ஒரு தோழி தன் சுடுமண் சிற்பத்தின் தலைப்பை மாற்றியதால், அந்த ஒரு லேபிளைப் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் மறுபடி அடித்துக் கொடுத்தார்கள். வரிசையில் அது மட்டும் கல்யாணப் பத்திரிகை மாதிரி நிற்கிறது. கலைக்கல்லூரிப் பிள்ளைகள் இத்தனை பேர் வந்துபோகும் கடை, புது சாஃப்ட்வேருக்குச் செலவழிக்க வேண்டாமா?

பிரிண்டைச் சன்போர்டு என்ற கெட்டியான நுரை அட்டையில் ஒட்டும் வேலையும் சுமார்தான். 5 மில்லிமீட்டர் போர்டில் ஒட்டிய இரண்டு பலகைகளில் காற்றுக்குமிழ். ஒட்டுகிற பையன் அவசரத்தில் இருந்தான். கேட்டதும் ஒன்றை மாற்றிக் கொடுத்தார்கள். இன்னொன்றுக்கு ஊசியால் குத்தித் தேய்த்தால் போய்விடும் என்றார்கள். போகவில்லை.

நேரத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மாலை ஐந்து மணி என்றால் இரவு ஒன்பது. முகூர்த்த மாதத்தில் போனால் கல்யாண பேனருக்குத்தான் முன்னுரிமை, நம் வேலை அடியில் போய்விடும். திறப்புவிழாவுக்கு நாலைந்து நாள் முன்பே கொடுத்துவிடுவது நல்லது. டிசைனர் அண்ணன் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் வருகிறார். காலையில் போனால் வேறொருவர் எந்தக் கேள்வியும் கேட்காமல் அடித்துக் கொடுத்துவிடுவார், அதற்கு இந்தக் கடை தேவையில்லை. கல்லூரிக்குக் கணக்குக் காட்ட ஜிஎஸ்டி பில் வேண்டுமென்றால் அட்வான்ஸ் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். அப்புறம் கேட்டால் வெள்ளைச் சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள்.