ஃபைபர் லிங்க் போட்டுத் தருகிறேன் என்று 74,500 ரூபாய் வாங்கிப் போனார்: கம்பெனி வைத்திருப்பவர்கள் படிக்கவும்

இரண்டு கட்டிடத்து நெட்வொர்க் ஸ்விட்சுகளை (கம்ப்யூட்டர்களை இணைக்கிற பெட்டி) ஃபைபர் கேபிளில் இணைக்க யாரிடமாவது வேலை கொடுக்கப் போகிறீர்களா, இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள். 74,500 ரூபாய் போய்விட்டது. நேற்றுத்தான் முழு விஷயமும் தெரிந்தது, கோபம் இன்னும் அடங்கவில்லை, அதனால் எழுத்து முன்னே பின்னே இருக்கும். என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

எங்களுடையது திருப்பூரில் ஒரு சின்ன பனியன் கம்பெனி. முன்னால் ஆபீஸும் கட்டிங்கும், பின்னால் புதிதாகக் கட்டின ஷெட்டில் பவர் டேபிளும் (தையல் பிரிவு) பேக்கிங்கும். பைப் போகிற வழியாக அளந்தால் 280 மீட்டர். சாதாரண செம்புக் கேபிளுக்கு 100 மீட்டர்தான் கணக்கு என்பதால் நடுவில் இரண்டு இடத்தில் சின்ன ஸ்விட்ச் வைத்து இழுத்திருந்தோம். இடி இடித்தால் ஏதாவது ஒரு போர்ட் செத்துப்போகும். கரண்ட் போய் வந்தால் நடுவில் இருக்கிற ஸ்விட்ச் எழுந்திருக்காது. ஃபைபர் என்றால் கண்ணாடி இழை, மின்சாரம் பாயாது, தூரமும் பிரச்சனையில்லை. இரண்டு பக்கமும் 10ஜி (நொடிக்கு 10 ஜிகாபிட் வேகம்) போர்ட் உள்ள நல்ல ஸ்விட்ச் முன்பே வாங்கி வைத்திருந்தோம். நடுவில் கேபிள் மட்டும்தான் பாக்கி.

ஆள் யார் என்றால், சிசிடிவி, பயோமெட்ரிக், நெட்வொர்க் எல்லாம் எடுத்துச் செய்யும் கடை ஒன்றின் முதலாளி. பெயர் போட மாட்டேன். எங்கள் பக்கம் அப்படி எத்தனையோ கடை இருக்கிறது. தெரிந்த பிரின்டிங் யூனிட் ஒன்றில் கேமரா மாட்டியவர், அவர்கள்தான் நம்பர் கொடுத்தார்கள்.

முதல் தடவை வந்தபோது அவர் நடந்துகொண்டதைக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், வித்தை முழுக்க அங்கேதான் இருந்தது. மற்றவர்கள் வாசலில் நின்றபடியே "பண்ணிரலாங்ண்ணா" என்று ஒரு ரேட்டைச் சொல்லிவிட்டுப் போனார்கள். இவர் டேப் பிடித்து முழு நீளத்தையும் அளந்தார். மண்ணுக்குள் போவதால் இரும்புக் கவசம் போட்ட ஆறு கோர், அதாவது ஆறு இழை உள்ள, சிங்கிள் மோட் வகைக் கேபிள்தான் போட வேண்டும், இல்லாவிட்டால் எலி விடாது என்றார். இரண்டு கோர் இப்போதைய லிங்க்குக்கு, மீதி நான்கு நாளைக்குக் கேமராவுக்கு, இல்லையென்றால் ஒன்று போனால் மாற்றிக்கொள்ள. கவசத்தை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்தால் போதும், இரண்டு முனையிலும் செய்தால் இடி அந்த வழியாகவே வந்துவிடும் என்று வரைந்து காட்டினார். அப்புறம் காரிலிருந்து ஒரு பெட்டியைத் தூக்கி வந்து மேஜை மேல் வைத்துத் திறந்தார். ஃப்யூஷன் ஸ்ப்ளைசிங் மெஷின், இழைகளை உருக்கி ஒட்டுவது. துண்டு ஃபைபர் இரண்டை உரித்து, ஆல்கஹாலில் துடைத்து, கிளீவரில் வெட்டி, உள்ளே வைத்து மூடினார். திரையில் இரண்டு கண்ணாடி இழையும் நேருக்கு நேர் வந்து நின்றன, ஒரு பொறி, ஒட்டிக்கொண்டது. ஒளி இழப்பு 0.01 டெசிபல், கிட்டத்தட்ட இல்லை என்று காட்டியது. தையல் மெஷினோடு வாழ்நாள் முழுக்கக் கிடந்த என் அப்பா எழுந்து வந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்து, "மறுபடி ஒருக்கா பண்ணிக் காட்டுப்பா" என்றார். அவரும் சலிக்காமல் செய்து காட்டினார். "உங்க வேலைக்கும் ஒவ்வொரு கோருக்கும் இதேதாங்கய்யா, ரெண்டு முனையிலயும்." அந்த நிமிஷமே மற்ற கொட்டேஷன்களை ஒதுக்கி வைத்துவிட்டோம்.

74,500 ரூபாய். கேபிள், பைப், குழி, இரண்டு பக்கமும் ஃபைபர் பெட்டி, பிக்டெயில் (ஒரு முனையில் கனெக்டர் உள்ள துண்டு இழை), பேட்ச் கார்டு (பெட்டியிலிருந்து ஸ்விட்சுக்குப் போகும் சின்ன கேபிள்), எங்கள் ஸ்விட்ச் கம்பெனியே விற்கிற 10ஜி மாட்யூல் (மின் சிக்னலை ஒளியாக மாற்றுவது) இரண்டு, எல்லாம் சேர்த்து. 50,000 முன்பணம், மீதி 24,500 முடிந்ததும். மற்றவர்களைவிடக் கூடுதல்தான். தரமாகச் செய்கிறவருக்குக் கொடுக்கலாம் என்று அப்பாவே சொன்னார்.

வேலை நாளில் அவர் வரவில்லை, அந்தப் பெட்டியும் வரவில்லை. இரண்டு பையன்கள் வந்தார்கள். அன்றைக்கு ஷிப்மென்ட், ஆபீஸில் யாருக்கும் தலை நிமிர நேரமில்லை. குழியை மூடின பிறகு சாயங்காலம் அவர் வந்தார், லேப்டாப்பில் பிங் (மறுமுனை பதில் தருகிறதா என்கிற சோதனை) ஓடவிட்டார், போர்ட்டில் பச்சை விளக்கு எரிந்தது, 24,500ஐ யுபிஐயில் வாங்கிக்கொண்டார். பில் கேட்டேன். "ஆடிட்டர் இந்த மாசக் கணக்கை முடிச்சுட்டாருங்ண்ணா, அடுத்த மாசம் போட்டுத் தந்தர்றேன்" என்று எஸ்டிமேட் சீட்டு ஒன்றில் எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டில் கேபிள் என்று இருக்கிறது, எத்தனை கோர் என்று இல்லை. மாட்யூல் என்று இருக்கிறது, எந்தக் கம்பெனி என்று இல்லை. 74,500 மட்டும் அடிக்கோடு போட்டுத் தெளிவாக இருக்கிறது.

முதல் மழைக்கே லிங்க் விழ ஆரம்பித்தது. விழும், எழும், மறுபடி விழும். பேக்கிங்கில் லேபிள் பாதியில் நிற்கும், கார்ட்டன் அடுக்கினபடி கிடக்கும். போன் செய்தால், ஸ்விட்ச் சூடாகியிருக்கும், ஃபேன் வையுங்கள். அப்புறம், கரண்ட் ஏற்ற இறக்கம், யுபிஎஸ் மாற்றுங்கள். அப்புறம் ஸ்விட்ச் கம்பெனியில் கேஸ் போடுங்கள். டெக்னீஷியன் ஊருக்குப் போயிருக்கிறான், ஆடி நோம்பி முடிந்து வருவான். ஒருநாள் வாய்ஸ் மெசேஜில், "எலி ஏதாச்சும் கடிச்சிருக்கும் பாருங்க" என்றார். எலி கடிக்காது என்று சொல்லித்தானே கவசம் போட்ட கேபிளுக்குக் காசு வாங்கினீர்கள் என்று திருப்பிக் கேட்டேன். நீல டிக் மட்டும் வந்தது.

நடுவில் ஒரு பையனை அனுப்பினார். அவன் செய்த கைங்கரியம் தனிக் கதை. தற்காலிகமாக ஓடட்டும் என்று பழைய செம்புக் கேபிளையும் இரண்டு பக்கமும் செருகிவிட்டு, "இது இருந்தா லேட்டாகுதுங்ண்ணா" என்று ஸ்விட்சில் ஸ்பானிங் ட்ரீயை அணைத்துவிட்டுப் போய்விட்டான். இரண்டு ஸ்விட்சுக்கு நடுவில் இரண்டு வழி இருந்தால் ஒன்றை மூடி வைப்பதே அதன் வேலை. ஃபைபர் படுத்திருந்தவரை ஓடியது. அது எழுந்த நொடியில் ஒரே பாக்கெட் சுற்றிச் சுற்றி வந்து பெருகி, அட்டெண்டன்ஸ் மெஷின் முதல் ஆபீஸ் கம்ப்யூட்டர் வரைக்கும் மொத்தக் கம்பெனியும் நின்றது.

கடைசியில், கேபிள் டிவி ஆபரேட்டரிடம் ஸ்ப்ளைசிங் வேலை பார்க்கும் ஒருவரை நேற்று கூட்டி வந்தோம். பெட்டியைத் திறந்ததும் அவர் சிரித்துவிட்டார். உள்ளே வந்திருந்தது வீட்டு பிராட்பேண்டுக்குப் போஸ்டிலிருந்து இழுக்கிற ஒல்லியான டிராப் கேபிள். கவசம் கிடையாது. ஆறு கோர் கிடையாது, இரண்டுதான். ஸ்ப்ளைசிங் ஒன்றுகூட இல்லை, நான்கு முனையிலும் கையால் மாட்டுகிற ஃபாஸ்ட் கனெக்டர். அதுவும் பச்சை நிறம். அதன் எதிரே செருகியிருந்த பேட்ச் கார்டு நீலம். பச்சை என்றால் முனையை 8 டிகிரி சாய்வாகத் தேய்த்தது, நீலம் சாய்வில்லாமல் தேய்த்தது. இரண்டையும் எதிரெதிரே வைத்தால் சரியாகப் பொருந்தாது, நடுவில் இடைவெளி விழுந்து வெளிச்சம் அங்கேயே வீணாகும். செருப்பில் இடது காலை வலதில் மாட்டுகிற மாதிரி, நடக்கலாம், எவ்வளவு தூரம் என்பதுதான் கேள்வி.

ஸ்விட்சுக்குள் போய் மாட்யூலின் ஒளி அளவைப் பார்த்தோம். ஒரு முனையில் அனுப்புவது -6 டிபிஎம் (ஒளியின் பலத்துக்கான அளவு, மைனஸ் கூடக் கூட வெளிச்சம் குறைவு), மறுமுனையில் வந்து சேர்வது -21. முப்பதில் ஒரு பங்கு வெளிச்சம்தான் வருகிறது. சிங்கிள் மோட் ஃபைபரில் ஒரு கிலோமீட்டருக்கே இழப்பு 0.4 டெசிபல் அளவுதான், எங்களுடையது 280 மீட்டர். இந்த வகை மாட்யூல் -20 பக்கத்தில் வந்தாலே தடுமாறும், ஈரம் ஏறினாலோ கேபிள் லேசாக மடங்கினாலோ விழத்தான் செய்யும்.

இந்த வகை என்றேன், அது இன்னொரு கூத்து. வெளியே ஸ்டிக்கரில் 10ஜி. உள்ளே எழுதியிருக்கும் விவரத்தைப் படித்தால் வேகம் 1300 மெகாபிட். அசல் 10ஜி என்றால் 10300 காட்ட வேண்டும். ஆக, 1ஜி மாட்யூலுக்கு ஸ்டிக்கர் மாற்றி ஒட்டியிருக்கிறார்கள். அதோடு இரண்டு மாட்யூலுக்கும் ஒரே சீரியல் நம்பர். அந்தப் பச்சை விளக்கு 10ஜிக்கு எரியவில்லை, 1ஜிக்குத்தான் எரிந்திருக்கிறது.

போட்டோ, அளவு எல்லாவற்றையும் அனுப்பிவிட்டுப் போன் செய்தேன். முதலில் "நெட் வருதில்லங்க, அப்புறம் என்ன?" என்றார். ஆறு கோர் எங்கே என்றதும் குரல் மாறியது. "கேபிளை நீங்களே மாத்திட்டு எம் மேல போடறீங்களா?" எங்கள் தரையைத் தோண்டி, நல்ல கேபிளை உருவிவிட்டு, டிராப் கேபிளை நாங்களே புதைத்தோமாம். அப்பா போனை வாங்கி ஏதோ சொல்லப் போனார், அவர் கட் செய்துவிட்டார். இப்போது எங்கள் இரண்டு நம்பரையும் பிளாக் செய்திருக்கிறார். விசிட்டிங் கார்டில் இருந்த ஜிஎஸ்டி எண்ணை அரசுத் தளத்தில் போட்டுப் பார்த்தால் ரத்தானது என்று வருகிறது. அடுத்த மாசம் பில் எங்கிருந்து வரும்?

இனி என்ன செய்யலாம் என்று வக்கீலைக் கேட்டோம். நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது, ஆனால் 2019ஆம் வருடச் சட்டத்தில் வணிகத் தேவைக்காக வாங்குகிறவர் நுகர்வோர் கணக்கில் வருவதில்லை, சொந்தப் பிழைப்புக்கான சுயதொழில் என்று காட்ட முடிந்தால்தான் வழி. ஐம்பது பேர் வேலை செய்கிற கம்பெனிக்கு அதை எப்படிக் காட்டுவது? மற்றபடி நோட்டீஸ், சிவில் கேஸ். 74,500க்கு எத்தனை வருஷம் அலைவது என்று அவரே சிரித்தார். நோட்டீஸ் மட்டும் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், எரிச்சலில் அவ்வளவு ஓடவில்லை. ஞாபகம் வருவது இவ்வளவுதான். கேபிளின் மேலுறையில் கோர் எண்ணிக்கையும் மீட்டர் கணக்கும் அச்சடித்திருக்கும், குழிக்குள் போகுமுன் படம் எடுங்கள். ஸ்ப்ளைசிங் நடக்கும்போது உங்கள் ஆள் ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும். பச்சையும் நீலமும் எதிரெதிரே இருந்தால் காசு கொடுக்காதீர்கள். பிங், பச்சை விளக்கு, மறுமுனையில் சிவப்பு லைட் வருகிறது, இதையெல்லாம் காட்டினால் போதும் என்று சொல்லாதீர்கள், இரண்டு பக்கத்து ஒளி அளவையும் ஓடிடிஆர் (ஃபைபரில் எங்கே எவ்வளவு இழப்பு என்று காட்டும் கருவி) ரிப்போர்ட்டையும் கேளுங்கள். 300 மீட்டருக்குள் அனுப்புவதற்கும் வருவதற்கும் வித்தியாசம் 3 டெசிபலைத் தாண்டினால் எங்கோ தப்பு. மாட்யூலை ஸ்டிக்கரை வைத்து நம்பாதீர்கள், ஸ்விட்ச் என்ன சொல்கிறது என்று பாருங்கள். ஜிஎஸ்டி எண்ணை முன்பணத்துக்கு முன்னால் பாருங்கள், பில் கைக்கு வராமல் பாக்கி வேண்டாம்.

பேக்கிங்கிலிருந்து போன், மறுபடி லேபிள் நிற்கிறது. திருப்பூர், கோயம்புத்தூர் பக்கம் ஓடிடிஆர் ரிப்போர்ட்டோடு வேலை செய்து கொடுப்பவர் யாராவது தெரிந்தால் சொல்லுங்கள். ரேட்டையும் சேர்த்துச் சொல்லுங்கள், திரும்பவும் ஒரு 74,500 கொடுக்க இப்போது கையில் இல்லை.