சாக்கில் கட்டிக் கொடுத்த முன் ஷாஃப்ட்

இந்த முறை ஊருக்குப் போனது 3 வாரம். அதில் 11 நாள் அப்பாவின் பிக்கப்புக்கே போய்விட்டது. மற்ற வேலைகளெல்லாம் நடந்தன, அவற்றைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. இதை எழுத வைத்தது வண்டியின் பின்தொட்டியில் கிடந்த ஒரு சாக்கு மூட்டைதான்.

வண்டிக்கு வயது 22. ஃபோர் வீல் வண்டி, சாதாரணமாகப் பின்சக்கரங்கள் மட்டும் இழுக்கும், லீவர் போட்டால் நான்கும் இழுக்கும். நான் ஓட்டப் பழகியதே அதில்தான். கியர் பக்கத்தில் குட்டையாக இன்னொரு லீவர் இருக்கும், முன்சக்கரத்தின் நடுவில், ஹப்பில், கையால் திருகும் டயல் இருக்கும், அதை லாக் செய்தால்தான் சக்கரம் முன் ஆக்சிலோடு சேரும். சேறு வந்தால் அப்பா வண்டியை நிறுத்துவார், நான் குதித்து இறங்கி இரண்டு பக்கமும் ‘ஃப்ரீ’யில் இருப்பதை ‘லாக்’குக்குத் திருகிவிட்டு ஓடிவந்து ஏறுவேன். அந்த வேலையை வேறு யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. நான் கனடா போன பிறகு அப்பா தார் ரோட்டோடு நிறுத்திக்கொண்டார். ஃபோர் வீல் போட்டே எட்டு வருடம் இருக்கும் என்கிறார். இந்தத் தடவை மழைக்குப் பிறகு மண்பாதையில் பின்சக்கரம் புதைந்தபோது லீவர் அசையவில்லை, டயலும் திரும்பவில்லை. டிராக்டர் வந்துதான் இழுத்தது. அப்பா ஒன்றும் பேசாமல் ஓரமாக நின்றிருந்தார், அது எனக்குப் பொறுக்கவில்லை.

முதலில் கொண்டுபோனது பெரிய ஒர்க்‌ஷாப். உட்கார நாற்காலி, உள்ளே சுத்தமான தரை, பார்த்ததும் நம்பிக்கை வந்தது. லீவர் இறுகியிருக்கிறது, ஹப் திரும்பவில்லை, ஆயில் மாற்றி வருடக்கணக்காகிறது என்று எல்லாவற்றையும் சொன்னேன். “விட்டுட்டுப் போங்க சார், பாத்துக்கலாம்.” நாளைக்கு என்றார்கள், அப்புறம் மறுநாள் என்றார்கள், அது நமக்குத் தெரிந்ததுதான், அதற்கெல்லாம் நான் கோபப்படவில்லை. நான்காவது நாள் வண்டி ரெடி என்று போன் வந்தது. லீவர் அழகாக நகர்ந்தது. சந்தோஷமாக ஓட்டிக்கொண்டு வந்தால் ஒவ்வொரு பள்ளத்திலும் பின்னால் ‘டங்’ என்று இரும்புச் சத்தம். நிறுத்திப் பார்த்தேன். கயிறு போட்டுக் கட்டிய சாக்கு. அவிழ்த்தால் உள்ளே முன் ஆக்சிலுக்கு இழுவையைக் கொண்டுபோகும் தண்டு, முன் புரொப்பல்லர் ஷாஃப்ட், ஒன்றுக்குள் ஒன்று பல் கோர்க்கும் ஸ்ப்லைன் இடத்தில் உருவி இரண்டு துண்டாகக் கிடக்கிறது.

போன் போட்டேன். “இப்பல்லாம் ஃபோர் வீல் யார் சார் போடுறாங்க? அதான் கழட்டிட்டோம். வண்டி லேசா ஓடும், மைலேஜும் வரும்.” ஏமாற்றும் குரலே இல்லை. நல்லது செய்துவிட்ட திருப்தியோடு சொன்னார். அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. நான் இருக்கும் இடத்தில் ஒரு போல்ட்டைக் கழற்றும் முன் கூப்பிடுவார்கள், இன்னது செய்யப்போகிறோம், சரியா என்று கேட்பார்கள், ஒப்புதல் இல்லாமல் கை வைக்க மாட்டார்கள். அது வெறும் சம்பிரதாயம் என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

யோசித்துப் பாருங்கள். முன் ஷாஃப்ட் இல்லை, ஆனால் லீவர் நகர்கிறது. நான் கனடா திரும்பிய பிறகு அப்பா ஒருநாள் சேற்றில் நம்பிக்கையோடு அந்த லீவரில் லோவை, அதாவது மெதுவாக ஆனால் பலமாக இழுக்கும் நிலையைப் போடுவார். லோவில் சக்கரத்துக்குப் போகும் இழுவை இரண்டு மடங்குக்கு மேல் கூடும். நான்கு சக்கரம் பங்கிட்டுக்கொள்ள வேண்டியதைப் பின் ஆக்சில் மட்டும் சுமக்கும். வண்டியும் நகராது, ஆக்சில் ஷாஃப்ட் முறுக்கி ஒடிந்தாலும் ஆச்சரியமில்லை. இதை அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. எட்டு போல்ட்டில் நான்குதான் சாக்கில் இருந்தன. உருவுவதற்கு முன் இரண்டு துண்டிலும் ஒரு அடையாளக் கோடு போட்டிருக்க வேண்டும், அதுவும் இல்லை.

இரண்டு நாள் தூக்கமில்லை. அப்புறம் சித்தப்பா சொல்லி ஒரு பழைய பட்டறைக்குப் போனோம். தகரக் கூரை, மண் தரை. பில் கிடையாது, எப்போது முடியும் என்ற பேச்சும் கிடையாது. எனக்குத் தயக்கம்தான். ஆனால் அந்த மெக்கானிக் வண்டிக்கு அடியில் போகும் முன் கேட்ட முதல் கேள்வி, “வண்டியோட புக்கு இருக்கா தம்பி?” எந்தப் பெட்டிக்கு எந்த ஆயில், எவ்வளவு என்று அதில் இருக்கும், எல்லாவற்றுக்கும் ஒரே கியர் ஆயில் ஊற்றக்கூடாது என்றார். கனடாவில் கம்ப்யூட்டரில் பார்ப்பதை இவர் புத்தகத்தில் பார்க்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம்.

அடுத்து டயர். நான்கு டயரிலும் கீழே சாக்பீஸ் கோடு போட்டு, வண்டியைத் தள்ளச் சொல்லி, ஒவ்வொரு சக்கரமும் ஒரு சுற்று சுற்றினால் தரையில் எவ்வளவு தூரம் போகிறது என்று அளந்தார். முன் டயர் புதிது, பின் டயர் வழுக்கை. முன்னும் பின்னும் ஒரு சுற்றுக்கு இரண்டு விரல்கடை வித்தியாசம் வந்தது. இந்த மாதிரி பழைய ஃபோர் வீலில் முன்னும் பின்னும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியல் நடுவில் கிடையாது. லீவர் போட்டால் முன் ஷாஃப்ட்டும் பின் ஷாஃப்ட்டும் ஒரே வேகத்தில்தான் சுற்றியாக வேண்டும். டயர் அளவு மாறினால் அந்த வித்தியாசம் முழுக்க கியரிலும் ஷாஃப்ட்டிலும் முறுக்காக ஏறும். சேற்றில் டயர் கொஞ்சம் வழுக்கி அந்த முறுக்கை விட்டுவிடும், காய்ந்த தாரில் விடாது. அதனால்தான் நல்ல ரோட்டில் ஃபோர் வீல் போடக்கூடாது என்பது. இத்தனை வருடம் வண்டி ஓட்டுகிறேன், சாக்பீஸால் இதைக் காட்டியவர் இவர்தான்.

ஆயில் மாற்றும்போது எனக்கு மிகவும் பிடித்தது ஒரு சின்ன விஷயம். கீழே வடிக்கும் பிளக்கை அவர் தொடவே இல்லை, முதலில் மேலே ஊற்றும் பிளக்கைத்தான் திறந்தார். அது துருப்பிடித்து, அரை நாள் எண்ணெய் ஊறப்போட்டுத்தான் வந்தது. “வடிச்ச பிறகு இது திறக்கலைன்னா என்ன பண்ணுவீங்க?” என்றார். பதில் இல்லை என்னிடம்.

முன் ஆக்சிலில் இரண்டு சக்கரத்துக்கும் இழுவையைப் பிரிக்கும் பல்சக்கரப் பெட்டி, முன் டிஃபரன்ஷியல், அதிலிருந்து வந்த ஆயில் சாம்பல் கலந்த வெள்ளையாக இருந்தது. தண்ணீர். ஆக்சில் மேல் காற்று போக ஒரு சின்ன மூடி இருக்கிறது, பிரீதர், அது மண் அடைத்து இறுகிக் கிடந்தது. ஓடிச் சூடான ஆக்சில் தண்ணீரில் இறங்கியதும் உள்ளே காற்று குளிர்ந்து சுருங்கும், மூடி அடைத்திருந்தால் ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். பிளக்கின் காந்தத்தில் ஒட்டியிருந்ததை விரலில் தேய்த்துப் பார்த்தார். மை மாதிரி நைசாக இருந்தது, துண்டு துணுக்கு இல்லை. “பல்லு தப்பிச்சது” என்றபோதுதான் அப்பா முகம் கொஞ்சம் தெளிந்தது. சீல் புதிது போட்டு, கொஞ்சம் ஆயில் ஊற்றி ஓட்டி வடித்து, மறுபடி புதிதாக ஊற்றினார்.

ஹப் இரண்டிலும் கிரீஸ் மெழுகாகக் காய்ந்திருந்தது. டீசலில் கழுவி, துரு தேய்த்து, திரும்பப் பூட்டும்போது மேலாக ஒரு பூச்சு மட்டும் கிரீஸ் தடவினார். வீல் பேரிங்கில்தான் அழுத்தி நிரப்ப வேண்டும், ஹப்பில் அடைத்தால் அதுவே டயலைப் பிடித்துக்கொள்ளுமாம். கனடாவில் சாலையில் போடும் உப்பு என் வண்டியில் ஃபோர் வீலுக்காக முன் ஆக்சிலை இணைக்கும் மோட்டாரைத் தின்றபோது முழு செட்டாக மாற்றினார்கள், திறந்து பார்க்கும் பேச்சே வரவில்லை. இங்கே ஒரு சின்ன ஸ்பிரிங்கைக்கூட துடைத்துத் திரும்ப வைத்தார்.

கடைசியாக அந்த ஷாஃப்ட். இரண்டு முனையிலும் இருக்கும் கவை, யோக், ஒரே நேர்கோட்டில் வரவேண்டும், ஸ்ப்லைனில் ஒரு பல் தள்ளிக் கோர்த்தாலும் ஓடும்போது அதிரும். தரையில் படுக்க வைத்து, கண்ணை ஒட்டிப் பார்த்து, கோர்த்து, உளியால் ஒரு குறி போட்டார். யோக்கில் உட்காரும் கூட்டல் குறி வடிவ இணைப்பு, கிராஸ், இரண்டும் புதிது. ஒவ்வொன்றின் நான்கு முனைக் கப்பிலும் பிதுங்கி வரும்வரை கிரீஸ் அடித்தார். தொலைந்த போல்ட்டுக்குப் பதிலாகத் பலமான ரகம் என்பதற்கு அடையாளமாகத் தலையில் 10.9 என்று அச்சடித்ததாகப் பார்த்து வாங்கி வர என்னையே அனுப்பினார்.

பூட்டிய பிறகு ஒரு முன்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, லீவரை டூ வீலில் விட்டு, ஹப்பை லாக் செய்து சக்கரத்தைக் கையால் ஒரு சுற்று சுற்றினார். அடியில் முன் ஷாஃப்ட் இரண்டு சுற்றுக்கு மேல் சுற்றியது. ஹப்பை ஃப்ரீயாக்கினால் சக்கரம் மட்டும் சுற்றியது. அப்பா குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார், இன்னொரு தடவை சுற்றுங்க என்றார்.

எழுத்தில் ஒன்றும் தரவில்லை என்பது மட்டும் எனக்குக் குறைதான். கனடாவில் என்றால் போட்டோவோடு பக்கம் பக்கமாக வரும். நானே ஒரு நோட்டில் தேதி, ஆயில், சீல், கிராஸ் எல்லாம் எழுதி புக்கோடு சேர்த்து டேஷ்போர்டுக்குள் வைத்துவிட்டு வந்தேன்.

மாதம் ஒருமுறை ஈர மண்ணில் நேராக ஒன்றிரண்டு கிலோமீட்டர் ஃபோர் வீலில் ஓட்டச் சொல்லியிருக்கிறார். போன ஞாயிறு அப்பா வீடியோவில் கூப்பிட்டார், அவரே இறங்கி டயலைத் திருகிக் காட்டினார். டேஷ்போர்டில் ஃபோர் வீல் விளக்கு மட்டும் இன்னும் எரியவில்லை. முன்னுக்கும் பின்னுக்கும் இழுவையைப் பிரிக்கும் பெட்டி, டிரான்ஸ்ஃபர் கேஸ், அதன் மேல் இருக்கும் சுவிட்சாக இருக்கும், அடுத்த முறை வரும்போது பார்க்க வேண்டும்.