அப்பாவுக்கு டி.பி.என். ஏற்றிய நாட்கள்

லண்டனிலிருந்து மூன்று வார லீவில் மதுரைக்குப் போனேன். பெரும்பகுதி ஆஸ்பத்திரியிலேயே போனது. அப்பாவுக்குக் குடல் ஆபரேஷனில் போட்ட தையல் கசிந்துவிட்டது. வாய் வழியாக ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கூடாது, டி.பி.என். போடலாம், அதாவது உடம்புக்கு வேண்டிய முழுச் சத்தையும் நரம்பு வழியாகவே ஏற்றலாம் என்றார் டாக்டர்.

பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: "வெறும் டிரிப்ஸ்ல எத்தனை நாள் தம்பி தாங்குவார்?" நியாயமான பயம். சாதாரண 5 சதவீத குளுக்கோஸ் ஒரு லிட்டர் ஏற்றினாலும் 200 கலோரிக்கு மேல் தேறாது. டி.பி.என். பை வேறு. அதில் மூன்று அறைகள்: குளுக்கோஸ், அமினோ அமிலம், கொழுப்பு. பையைச் சுருட்டி அழுத்தினால் தடுப்புகள் விட்டு மூன்றும் கலந்து பால் மாதிரி ஆகிவிடும். அவ்வளவு அடர்த்தியைக் கை நரம்பு தாங்காது என்று கழுத்தில் பெரிய நரம்பில் லைன் (மெல்லிய குழாய்) போட்டு, பம்ப் வைத்து 24 மணி நேரமும் மெதுவாக ஏற்றினார்கள்.

நர்ஸ்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். ஒவ்வொரு முறை லைனைத் தொடும்போதும் கை கழுவி, ஸ்பிரிட்டால் துடைத்தார்கள். அதில் கிருமி ஏறினால் நேராக ரத்தத்துக்குப் போய்விடும். ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை சுகர் பார்த்தார்கள், நடுராத்திரியிலும்.

மனம் நொந்தது மருந்தகத்தில்தான். வைட்டமின் அந்தப் பையிலேயே வராது, தனியாகச் சேர்க்க வேண்டும். ஸ்டாக் இல்லை என்று முதல் பையை அது இல்லாமலே மாட்டிவிட்டார்கள். எங்களிடம் யாரும் சொல்லவில்லை. பல நாள் பட்டினி கிடந்த உடம்பில் தயாமின் (வைட்டமின் பி1) இல்லாமல் குளுக்கோஸ் ஏறினால் மூளைக்கும் இதயத்துக்கும் ஆபத்து. நான் கேட்ட பிறகுதான் சீட்டு எழுதித் தந்தார்கள். வெளியே இரண்டு கடை ஏறி இறங்கி வாங்கி வந்தேன். கூட இருப்பவர்கள் தினமும் கேளுங்கள்: வைட்டமின் சேர்த்தாச்சா, ரத்தத்தில் பொட்டாசியம், பாஸ்பேட் அளவு பார்த்தாச்சா?

இரண்டாவது வாரத்தில் அப்பா வராந்தாவில் நடந்தார். இருந்தும் அந்தப் பை ஏறுவதற்காகவே படுக்கையில் இருக்க வேண்டியிருந்தது. பிரிட்டனில் இதை வீட்டிலேயே இரவில் ஏற்றிக்கொண்டு பகலில் வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். நம் ஊரில் நான் விசாரித்த இடங்களில் அப்படி ஏற்பாடு இல்லை. வர வேண்டும்.

லீவை ஒரு வாரம் நீட்டினேன். ஸ்கேனில் கசிவு நின்றது தெரிந்ததும் ஸ்பூன் ஸ்பூனாகக் கஞ்சித் தண்ணீர் ஆரம்பித்தார்கள். கஞ்சி கூடக் கூடப் பையின் அளவைக் குறைத்தார்கள். நான் விமானம் ஏறிய அன்று பாதிப் பைதான் ஓடிக்கொண்டிருந்தது.