குன்னூர் ஈரத்தில் ஒன்பது வருஷம்: என் உருமாறும் ரோபோக்கள்

எங்கள் வீட்டு ஹாலில் ஒரு கண்ணாடி அலமாரி. கல்யாணச் சீராக வந்தது. மேல் தட்டில் குத்துவிளக்கும் மாமனார் படமும். கீழே மூன்று தட்டுகளில் நாற்பத்தொரு ரோபோக்கள். வீட்டுக்கு வருபவர்கள் முதலில் படத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, அப்புறம் குனிந்து, "பையனுக்கா?" என்பார்கள். எனக்குப் பையன் இல்லை. "இல்லைங்க, அவருக்குத்தான்" என்று என் மனைவி சொல்லும்போது குரலில் ஒரு சலிப்பு இருக்கும். ஒன்பது வருஷத்தில் அதுவும் குறைந்துவிட்டது.

நான் குன்னூர் பக்கம் ஒரு சின்ன தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டர். பேரிங், ஷாஃப்ட், செயின் என்று நாள் முழுக்க அசையும் பொருள்களோடுதான் பிழைப்பு. லாரியாக இருக்கும் ஒன்று நாலு மடிப்பில் மனுஷ உருவமாக எழுந்து நிற்பதைப் பார்த்தால் எனக்குக் கதை தோன்றாது, கீல்தான் கண்ணில் படும். அதனால் இது கதாபாத்திரங்களைப் பற்றிய பகிர்வு அல்ல. வாங்கிய அன்று பெட்டியைத் திறந்து பார்த்து எழுதும் விமர்சனமும் அல்ல. மலை ஈரத்திலும் குளிரிலும் வருஷக்கணக்கில் வைத்திருந்தால் இந்தப் பொம்மைகள் என்ன ஆகின்றன, அவ்வளவுதான்.

எல்லாம் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் வகைதான். ஜப்பானின் டகாரா நிறுவனம் டயக்ளோன், மைக்ரோமேன் என்று வைத்திருந்த பொம்மைகளை அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ வாங்கி, 1984இல் ஒரே பெயரில் விற்க ஆரம்பித்தது. கதாநாயகன் ஆப்டிமஸ் பிரைம் முதலில் டயக்ளோன் லாரிதான். பொம்மை முதலில், பெயரும் கதையும் பிறகு. இன்றும் கதையைவிட பிளாஸ்டிக்கை வார்க்கும் அச்சுதான் இந்தத் தொழிலை ஓட்டுகிறது. முதல் வருஷத்திலேயே ஸ்டார்ஸ்க்ரீம், தண்டர்கிராக்கர், ஸ்கைவார்ப் மூவரும் ஒரே ஜெட் அச்சில் மூன்று சாயத்தில் வந்தவர்கள். 'இது அதே பொம்மைதானே, கலர்தானே வேற' என்று கேட்பவர்களிடம் சண்டைக்குப் போக வேண்டியதில்லை. ஆமாம், அதேதான்.

அளவைப் பற்றி ஒரு வார்த்தை. டீலக்ஸ் என்பது சுமார் 14 சென்டிமீட்டர், வாயேஜர் 17, 18. லீடர் அதற்கும் மேல். எனக்கு வாயேஜர்தான் தோது. டீலக்ஸில் விரல் நுழைய இடமில்லை. லீடரில் கனம் கூடி இடுப்பு மூட்டு பாடுபடுகிறது.

நான் மதிப்பிடும் விதம் இது. முதல் தடவை செய்முறைத் தாளைப் பார்த்து மாற்றுவேன். மறுநாள் தாள் இல்லாமல். அப்புறம் ஒரு மாசம் தொடவே மாட்டேன். ஒரு மாசம் கழித்தும் கை தானாகப் போனால் அது நல்ல வடிவமைப்பு. மறுபடி தாளைத் தேடினால், அது வடிவமைத்தவருடைய கெட்டிக்காரத்தனமே தவிர பொம்மையின் நல்ல குணம் இல்லை.

இரண்டாவது சோதனையை நான் ஏற்பாடு செய்யவில்லை, ரோடு செய்கிறது. வீட்டுக்குக் கீழே ஒரு கொண்டை ஊசி வளைவு. காலை ஏழு மணி பஸ் அங்கே கியர் மாற்றும்போது அலமாரிக் கண்ணாடி கிர்ர் என்று அதிரும். கணுக்கால் மூட்டு தளர்ந்த ரோபோக்கள் அந்த நேரத்தில் மெல்லத் தலைகுனிந்து, பக்கத்தில் இருப்பவர் மேல் சாய்ந்து, கடைசியில் வரிசையாக விழும். ராட்செட் மூட்டு, அதாவது திருப்பினால் கடகடவென்று பல் பல்லாக நிற்கும் வகை, ஒன்பது வருஷமாக அசையவில்லை. பிடிமானத்தை மட்டும் நம்பும் பந்து மூட்டுகள் இரண்டாம் வருஷத்திலேயே ஆட ஆரம்பித்தன. நிறமற்ற நெயில் பாலிஷை மெல்லிசாகப் பந்தின் மேல் தடவி, நன்றாகக் காயவிட்டு மாட்டினால் ஒரு வருஷம் தாங்கும். ஈரம் காயாமல் மாட்டினால் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் உடைத்துத்தான் எடுக்க வேண்டும்.

இதையெல்லாம் தெரிந்துகொள்வதற்கு முன்னால் நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். 2018இல் ஒரு காரின் கதவுக் கீல் கீச்சென்று சத்தம் போட்டது. எண்ணெய் போடுவதே தொழிலாக இருப்பவனுக்கு வேறென்ன தோன்றும்? தொழிற்சாலையிலிருந்து கொண்டுவந்த கிரீஸை ஒரு பொட்டு வைத்தேன். இரண்டு நாள் வெண்ணெய் மாதிரி ஓடியது. மூன்றாவது வாரம் அந்த நீலக் கண்ணாடிப் பகுதியில், கீலைச் சுற்றி மயிரிழை மாதிரி வெடிப்புகள். இன்னொரு வாரத்தில் கதவு தனியாகக் கையில் வந்தது. இரும்புக்கு மருந்து, பிளாஸ்டிக்குக்கு விஷம். கண்ணாடி போன்ற பாலிகார்பனேட்டும் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கும் இழுவிசையில் இருக்கும்போது எண்ணெய் பட்டால் வெடிக்கும் என்று பிறகுதான் தெரிந்தது. இப்போது தேவைப்பட்டால் சுத்தமான சிலிகோன் கிரீஸ், அதுவும் ஊசி முனையளவு.

இரண்டாவது பாடம் மார்கழிக் காலையில் கிடைத்தது. குன்னூர் 1,800 மீட்டருக்கு மேலே. விடியற்காலையில் பிளாஸ்டிக் விறைத்துக் கிடக்கும். டீயைக் குடித்துக்கொண்டே ஒரு ஜெட்டை மடக்கினேன். டப். சிறகைப் பிடிக்கும் கொக்கி அரிசி அளவுத் துண்டாகத் தரையில் விழுந்தது. இப்போதெல்லாம் குளிர்காலத்தில் மாற்ற வேண்டுமென்றால் பொம்மையைக் கால் மணி நேரம் ஸ்வெட்டர் பாக்கெட்டில் வைத்துக்கொள்வேன். சிரிப்பு வரலாம். ஆனால் அதற்குப் பிறகு ஒரு கொக்கிகூட உடையவில்லை.

குளிரைவிட மோசம் வெயில். மலையில் என்ன வெயில் என்று நினைப்பார்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடுகிறது. உடம்புக்குச் சுடாது, பிளாஸ்டிக்கைச் சும்மா விடாது. ஜன்னலோரம் வைத்த ஒரு வெள்ளை ரோபோ மூன்று வருஷத்தில் ஜன்னல் பக்கம் மட்டும் பழைய பல் நிறத்துக்கு வந்துவிட்டது. அடுத்த பக்கம் இன்னும் பால் வெள்ளை. 1985இல் வந்த ஜெட்ஃபயர் என்ற வெள்ளை ஜெட் ரோபோ இன்று மஞ்சளாகாமல் கிடைப்பது அபூர்வம் என்பது சேகரிப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். ஹைட்ரஜன் பெராக்சைடில் முக்கி வெயிலில் வைத்தால் வெளுக்கும் என்கிறார்கள். செய்து பார்த்தேன், வெளுத்தது, ஒரு வருஷத்தில் மஞ்சள் திரும்பி வந்தது. பேசாமல் மஞ்சள் பக்கத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டேன்.

பழையது வாங்க ஆசைப்படுபவர்கள் தங்கத் துகள் கலந்த பிளாஸ்டிக்கிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். எண்பதுகளின் கடைசியில் வந்த சில பொம்மைகளில், பிளாக் ஜராக் அதில் பேர்போனது, பெட்டியைத் திறக்காமல் வைத்திருந்தாலும் அந்தப் பாகம் தானாகவே பொடிந்துபோகும். தொட்டாலே உதிரும் பொருளுக்கு எவ்வளவு கொடுத்தாலும் அது கண்காட்சிச் சாமான்தான்.

பெட்டிகளின் கதை தனி. எங்கள் ஊருக்கு ஐப்பசி, கார்த்திகையில்தான் நிஜமான மழை. அடை மழை பிடித்தால் தீப்பெட்டி நமுத்துப்போகும், பொம்மைப் பெட்டி என்ன கணக்கு? ஹாஸ்ப்ரோ 2020இலிருந்து படிப்படியாகப் பெட்டியில் பிளாஸ்டிக்கைக் குறைத்து, முன்னால் இருந்த கண்ணாடி ஜன்னலையும் எடுத்துவிட்டது. பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டிலோடு வந்தால் கல்லாறு சோதனைச் சாவடியில் நிறுத்திக் கேட்கும் மாவட்டத்தில் இருந்துகொண்டு இதைக் குறை சொல்லக் கூடாது. ஆனால் முழு அட்டைப் பெட்டிக்கு எங்கள் ஊர்ப் பூசணம் என்றால் உயிர். கட்டிலுக்கு அடியில் அடுக்கியிருந்ததில் பதினாலு பெட்டிகள் பச்சைப் புள்ளி போட்டு, வேலிப் பக்கம் கொண்டுபோய் எரிக்க வேண்டியதாயிற்று. பெட்டி இல்லையென்றால் மறுவிற்பனையில் பாதி விலை என்பார்கள். நான் விற்பதில்லை. செய்முறைத் தாளை மட்டும் எடுத்து மூடி போட்ட டப்பாவில் வைத்துக்கொள்கிறேன்.

விலை விஷயத்தில் அதிகம் புலம்ப மாட்டேன். பொம்மைகளுக்கு இறக்குமதி வரி 2020 பட்ஜெட்டில் 20இலிருந்து 60 சதவீதமாகவும், 2023இல் 70 ஆகவும் ஏறியது. 2021 ஜனவரியிலிருந்து பொம்மைக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். அதன் பிறகு கோயம்புத்தூர்க் கடைகளில் கண்ணில் படும் வகைகள் குறைந்ததை நானே பார்த்தேன். அந்த இடத்துக்கு டூப்ளிகேட் வந்தது. ஒன்று வாங்கிப் பார்த்தேன்: சாயம் பரவாயில்லை, மூட்டுகளில் பாதி கல், பாதி கூழ். ஸ்க்ரூவில் முதல் மழைக்கே துரு.

நாற்பத்தொன்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள் என்றால் 2020இல் வந்த எர்த்ரைஸ் வரிசை ஆஸ்ட்ரோட்ரெயினை எடுத்துக்கொள்வேன். ரோபோ, நீராவி ரயில், விண்வெளி ஓடம் என்று மூன்று வடிவம். மூன்று வேஷம் கட்டுபவன் எதிலாவது ஒன்றில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். ஓடமாக இருக்கும்போது நன்றாக இருக்கிறது, ஆனால் நான் பெரும்பாலும் ரயிலாகத்தான் வைத்திருக்கிறேன். போன மே லீவில் அக்கா மகன் வந்தபோது அதைத் தரையில் வைத்துத் தள்ளினான்.

"மாமா, இது நம்ம ஊட்டி ரயிலா?"

"இல்லடா, இது ஜப்பான் இன்ஜின்."

"அப்ப ஏன் முன்னாடி போகுது? நம்ம இன்ஜின் பின்னாடியிருந்துதானே தள்ளும்?"

சரிதான். மேட்டுப்பாளையத்திலிருந்து வரும் ரயிலில், கல்லாறு முதல் குன்னூர் வரை பல்சக்கரத் தண்டவாளத்தில் நீராவி இன்ஜின் பெட்டிகளைப் பின்னாலிருந்துதான் தள்ளி ஏற்றுகிறது. நான் தினமும் பார்க்கும் விஷயம், பொம்மையை வைத்துக்கொண்டு ஒரு தடவைகூட யோசித்ததில்லை. அவன் இரண்டு தீப்பெட்டிகளை முன்னால் வைத்து, ஆஸ்ட்ரோட்ரெயினைப் பின்னால் விட்டுத் தள்ளிக்கொண்டே சமையலறைக்குப் போனான். அப்போது பெயர்ந்த சாயம் இன்னும் அதன் மூக்கில் இருக்கிறது. மறுபடி சாயம் அடிக்கவில்லை.

புதிதாக ஆரம்பிப்பவர்கள் இரண்டே பொருள்களுக்குக் காசு ஒதுக்கினால் போதும்: ஒரு நல்ல வாயேஜர், அரைக் கிலோ சிலிகா ஜெல். நீல மணிகளாக இருப்பவை ஈரம் குடித்தால் இளஞ்சிவப்பாகும். எங்கள் தொழிற்சாலையில் தேயிலையை மூன்று சதவீத ஈரத்துக்கு உலர்த்துகிறோம். ட்ரையர் அடுப்புப் பக்கம் ஒரு தகரத் தட்டில் அந்த மணிகளைப் பரப்பி வைத்தால் ஷிஃப்ட் முடிவதற்குள் மறுபடி நீலமாகிவிடும். புரட்டாசி பாதி ஆகிவிட்டது. நாளைக்குப் போகும்போது பொட்டலங்களை மறக்காமல் எடுத்துப் போக வேண்டும்.